பரஸ்பர சம்மதத்துடன்

நான்கு-பூஜ்யம்.
அதில் ஒன்று நம் ஆளே நம் வலைக்குள் தள்ளியது.
பேருந்து பெர்த் நகரைத் தாண்டும்போது
மர்டோவின் போன் அதிர்ந்தது:
'பரஸ்பர சம்மதத்துடன்
மேனேஜர் விடைபெறுகிறார்.'
பரஸ்பரம் என்ற சொல்லுக்கு
போன மாதம் விவாகரத்தான ஷோனா மட்டும் சிரித்தாள்.

பதினேழு பேர். ஒரு ஹீட்டர்,
அதுவும் ஓட்டுநர் ஹெக்டரின் முழங்காலுக்கு மட்டும்.
வடக்கே இன்னும் மூன்று மணி நேரம்,
கண்ணாடிக்கு வெளியே பனி.

அடுத்து யார்?

லாக்லனுக்கு ஓர் இளைஞன் வேண்டும்,
மடிக்கணினியோடு வருகிறவன்,
ஆட்டத்தைப் பின்வரிசையிலிருந்து கட்டுகிறவன்.
"நம்ம பின்வரிசையா?
அதுங்களுக்கு ஷூ லேஸே கட்ட வராது"
என்றாள் இஷ்பெல்.

இஷ்பெலின் ஆளுக்கு அறுபத்து மூன்று வயது.
இடுப்பு எலும்பு இரண்டும் மாற்றியாயிற்று.
ஏழு கிளப்புகளைத் தரமிறங்காமல் காப்பாற்றியவர்.
எட்டாவதைப் பற்றி
இஷ்பெல் இருக்கும் இடத்தில் பேசக் கூடாது.

மீன் தொழிற்சாலை ஸ்லாவோமிர்
போலந்தில் தன் மச்சான் இருப்பதாகச் சொன்னான்.
"லைசன்ஸ் இருக்கா?"
"இருக்கு. லாரிக்கு."

மாப்பிள்ளை பார்ப்பதுபோலத்தான் விசாரித்தோம்:
முந்தைய இடம் ஏன் முறிந்தது,
குடி உண்டா, குரல் எடுபடுமா,
மழையில் தொண்ணூறு நிமிடம் நிற்பாரா.
நம் வீட்டில் என்ன இருக்கிறதென்று
ஒருவரும் கேட்கவில்லை.
இருப்பது:
வாரத்துக்கு முன்னூற்றைம்பது பவுண்ட்,
ஒழுகும் ஓர் அறை,
கதவில் மீன்கடை விளம்பரம் ஒட்டிய ஒரு கார்.

அந்தக் கார்தான்
டிரமொக்டர் கணவாயில்
ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

யாரும் சொல்லாமலே ஹெக்டர் பிரேக்கை மிதித்தார்.
அலஸ்டர் கன் ஏறினார்,
இன்னமும் கிளப் கோட்டில்,
தோளில் பனி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.
"காரைத் திருப்பிக் குடுக்கணும். நாயும் அங்கதான் இருக்கு"
என்றார், யாரும் கேட்காத கேள்விக்கு.
காலியாக இருந்தது ஒரே இருக்கை.
என் பக்கத்தில்.

மதியம் முழுக்க நான் அவரைப் பார்த்து
'வெளியே போ' என்று கத்தியிருந்தேன்.
எதிரணி கூட்டத்துக்கே கேட்டிருக்கும்.
இப்போது 'உட்காருங்க' என்பதற்குக்
குரல் இல்லை.
அவர் பையைத் துழாவி
ஒரு தொண்டை மிட்டாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பத்து மைல் பேச்சில்லை.
பிறகு அவரே கேட்டார்:
"யாரை முடிவு பண்ணியிருக்கீங்க?"

லாக்லன் இளைஞனின் பெயரை
திருட்டுப் பொருளை வெளியே எடுப்பதுபோல எடுத்தான்.
"நல்ல பையன்.
ஆனா நவம்பர்ல நம்ம மைதானத்துல பந்தே உருளாது."
நம்ம, என்றார்.

இஷ்பெல் தன் ஆளைச் சொன்னாள்.
"அந்த எட்டாவது கிளப்புல
அவருக்கு உதவியாளரா இருந்தவன் நான்தான்"
என்று அவர் ஆரம்பித்தார்;
இஷ்பெல் தடுக்கவில்லை, பதிலுக்கு
இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பினாள்.
அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்களென்று
எனக்கு வரிசையாக நினைவில்லை.
ஸ்லாவோமிரின் மச்சானைக்கூட அவர் தள்ளிவிடவில்லை,
"உயரமா?" என்று மட்டும் கேட்டார்.
ஷோனா பயணச்சீட்டின் பின்புறத்தில் பெயர்களை எழுதினாள்.
அவர் பெயரை எழுதவா என்று
யாரோ கேட்டபோது
கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரம்ஹேவன். இரவு ஒன்றரை.
மைதான வாசலில் பதினெட்டுப் பேரும்
வீட்டுக்குப் போகாமல்
வாயில் புகை பறக்க நின்றோம்.
வேலிக்குள் நாய் குரைத்தது.
ஹெக்டர் பேருந்தைப் பூட்டி
விளக்குகளை அணைத்தார்.

இருட்டில் ஒரு குரல், யாருடையதோ:
"அதெல்லாம் சரி,
லெஃப்ட் பேக்குக்கு யாரு?"